மௌமீ ஆற்றில் வால்ஐ ஏறும் காலம்: எப்போது இறங்குவது, எந்த மீனை விடுவது?

தூண்டில்காரன் (கொலம்பஸ்)

எல்லோருக்கும் வணக்கம். கோடையில் ஈரி ஏரியில் படகில் போய் வால்ஐ (walleye) என்ற நன்னீர் மீன் பிடித்திருக்கிறேன். ஆற்றில் இறங்கி நின்று பிடிப்பது எனக்குப் புதிது. குளிர் விட்டதும் ஏரியிலிருந்து ஓஹாயோவின் மௌமீ ஆற்றுக்கு மீன் ஏறுகிறது, கரையிலிருந்தே பிடிக்கலாம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். எந்த வாரம் வருவது, எந்தக் கரையில் இறங்குவது, தூண்டிலை எப்படிக் கட்டுவது என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும். இங்கிருந்து இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். வந்துவிட்டுச் சும்மா திரும்பக் கூடாது என்பதால்தான் இவ்வளவு கேட்கிறேன்.

ஈரிக்கரை (பெரிஸ்பர்க்)

வாங்க தம்பி. முதலில் ஒன்று: காலண்டரைப் பார்த்துக் கிளம்பாதீர்கள். தண்ணீர் எவ்வளவு சூடாகியிருக்கிறது, எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது, எவ்வளவு கலங்கியிருக்கிறது, இந்த மூன்றையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பனிக்காலக் கடைசியிலேயே மீன் மௌமீ விரிகுடாவில் வந்து கூடிவிடும். பனிக்கட்டி போய் ஆற்றுத் தண்ணீர் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டதும் ஆண் மீன்கள் முதலில் ஏறும். 42க்கும் 50க்கும் இடையில்தான் முட்டையிடுவது மும்முரமாக நடக்கும். வழக்கமாக இது மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. வெயில் சீக்கிரம் வந்தால் முன்னே நகரும், குளிர் இழுத்தால் பின்னே போகும். நடுவில் இரண்டு நாள் பனி கொட்டினால் மீன் அப்படியே அடங்கிவிடும், பிறகு மறுபடி ஏறும்.

ஏன் இந்த இடம் என்றால், டொலிடோவை ஒட்டி ஆறு ஆழமாக, மந்தமாக, அடியில் சேறாக இருக்கிறது. பெரிஸ்பர்க்கும் மௌமீ ஊரும் எதிரெதிரே நிற்கும் இடத்துக்கு வந்தால் பாறையும் சரளைக்கல்லுமாக மாறிவிடும். முட்டை மூச்சு முட்டாமல் இருக்க ஓடுகிற தண்ணீரும் கல்லுத் தரையும் வேண்டும். அதற்காகத்தான் மீன் அத்தனை தூரம் வருகிறது.

பெரிஸ்பர்க் பக்கம் ஓர்லீன்ஸ் பூங்கா, ஃபோர்ட் மெக்ஸ் கோட்டைக்குக் கீழே உள்ள கரை, அப்புறம் பட்டன்வுட். எதிர்க்கரையில் சைட் கட் பூங்காவும் புளூகிராஸ் தீவும். முதல் தடவை என்றால் ஓர்லீன்ஸுக்கு வாருங்கள். கரையை விட்டு அதிகம் இறங்காமலே வீசலாம். புளூகிராஸ் தீவுக்குத் தண்ணீரைக் கடந்துதான் போக வேண்டும், அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீர்மட்டத்துக்கு வாட்டர்வில்லில் உள்ள அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் (யூ.எஸ்.ஜி.எஸ்) அளவுமானியை இணையத்தில் பாருங்கள். அதோடு இந்தியானாவில் ஃபோர்ட் வெய்னில் மழை பெய்ததா என்றும் பாருங்கள். ஆறு அங்கேதான் தொடங்குகிறது. அங்கே கொட்டுகிற மழை ஓரிரு நாளில் இங்கே வந்து சேரும். நம் தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறும்.

நீரோட்டம் (பௌலிங் கிரீன்)

ஈரிக்கரை அண்ணா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். பேரேரிகளில் விழும் ஆறுகளிலேயே மிகப் பெரிய வடிநிலம் மௌமீக்குத்தான், கிட்டத்தட்ட 6,600 சதுர மைல். அதில் பெரும்பகுதி தட்டையான களிமண் வயல். பழைய பெரும் கறுப்புச் சதுப்பு நிலத்தை வடித்து உண்டாக்கிய பூமி அது. வயலுக்கு அடியில் குழாய் பதித்துத் தண்ணீரை வடிக்கிறார்கள். அதனால் மழை நின்று ஊறி வருவதில்லை, நேராக ஆற்றுக்கு வருகிறது. ஒரு நல்ல மழைக்குப் பிறகு ஆறு பழுப்பாகிவிடுவது இதனால்தான். 2014 ஆகஸ்டில் டொலிடோ குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவித்தார்களே, அந்தப் பாசி விஷத்துக்கும் இதே வயல்களிலிருந்து வரும் பாஸ்பரஸ்தான் முக்கியக் காரணம்.

கலங்கல் இருந்தாலும் வால்ஐக்குப் பெரிய பாதகம் இல்லை. அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. டார்ச் அடித்தால் கண் பளபளப்பது அதனால்தான். மங்கலான தண்ணீரில் மற்ற மீன்களைவிட நன்றாகப் பார்க்கும். ஆனால் ஒரு சாண் ஆழத்தில் விட்ட தூண்டில்கூட நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சேறு ஓடினால் அன்றைக்கு வீட்டிலேயே இருப்பது நல்லது.

தூண்டில்காரன்

அருமை. தூண்டில் கட்டுவது பற்றி யாராவது சொல்லுங்கள். கடையில் மிதக்கும் ஜிக் தலை (மிதக்கும் தலை வைத்த தூண்டில் முள்) என்று ஒரு பாக்கெட் கொடுத்தார்கள்.

ஈரிக்கரை

சரியானதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். கட்டுவது எளிது. முதன்மை நரம்பில் நழுவி ஓடுகிற மாதிரி ஈயக்குண்டைக் கோத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஒரு சுழலி. சுழலியிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி தங்கூசி (நுனி நரம்பு). நுனியில் மிதக்கும் ஜிக் தலை, அதில் சுருட்டு வால் உள்ள ரப்பர் புழு. ஈயம் தரையைத் தட்டிக்கொண்டே போகும், முள் கல்லுக்குச் சற்று மேலே மிதந்து வரும். நுனித் தங்கூசி முதன்மை நரம்பைவிட மெல்லியதாக இருக்கட்டும். முதன்மை 12 பவுண்டு என்றால் நுனிக்கு 8 போதும். கல்லில் மாட்டினால் நுனி மட்டும் அறும், மிச்சம் கையில் இருக்கும்.

ஈயத்தின் எடைதான் எல்லாம். நேர் குறுக்கே, அல்லது கொஞ்சம் மேல் நோக்கி வீசுங்கள். ஈயம் "டக், டக்" என்று கல்லைத் தொட்டுத் தொட்டு நகர வேண்டும். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் எடை அதிகம். தட்டுவதே தெரியாமல் ஓடினால் எடை குறைவு. கால் அவுன்ஸிலிருந்து முக்கால் அவுன்ஸ் வரை பையில் வைத்திருங்கள். ஆற்று வேகத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்கிறார், நமக்கு ஒன்றும் வரவில்லை என்றால் நிறத்தை மாற்றுவதற்கு முன்னால் எடையை மாற்றிப் பாருங்கள். நிறம் என்றால் ஆரஞ்சு, இளம்பச்சை, ரோஜா. கலங்கல் கூடக் கூடக் கண்ணைப் பறிக்கும் நிறம்.

பெரிய அடியை எதிர்பார்க்காதீர்கள். இந்தக் குளிரில் மீன் சோம்பலாகத்தான் வாயைத் திறக்கும். தட்டிக்கொண்டு வந்த ஈயம் சட்டென்று நின்ற மாதிரி, ஈரத்துணி மாட்டின மாதிரி ஒரு கனம் தெரியும். அப்போது மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஏன் என்று கீழே நீரோட்டம் சொல்வார் என்று நினைக்கிறேன்.

நீரோட்டம்

சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஆற்றில் எனக்கு மனவருத்தம் தருகிற விஷயம் இதுதான்.

நெரிசலாக மீன் நிற்கும் ஓடையில் நீளமான தங்கூசியை விட்டு வெடுக்கு வெடுக்கென்று இழுத்தால் முள் மீனின் வயிற்றிலோ முதுகிலோ வாலிலோ குத்தும். மீன் கடிக்கவே இல்லை, நாம் குத்தி எடுக்கிறோம். ஓஹாயோ சட்டப்படி வாய்க்குள் முள் மாட்டாத வால்ஐயை உடனே தண்ணீரில் விட வேண்டும். உதட்டுக்கு வெளியே, தாடைக்கு அடியில் மாட்டினாலும் விடத்தான் வேண்டும். இந்தப் பகுதியில் மார்ச் 1 முதல் மே 1 வரை ஒற்றை முள் மட்டும்தான், அதுவும் தண்டுக்கும் முனைக்கும் இடையில் அரை அங்குலத்துக்கு மேல் அகலம் கூடாது. மூன்று கொக்கி உள்ள தூண்டில் கூடாது. சூரியன் உதித்த பிறகு தொடங்கி அஸ்தமனத்தோடு நிறுத்த வேண்டும். வால்ஐ முட்டையிடுவது பெரும்பாலும் இரவில். அந்த நேரத்தையாவது அதற்கு விட்டுக்கொடுக்கிறோம்.

ஒரு நாளைக்கு ஆளுக்கு 6 மீன், குறைந்தது 15 அங்குலம். ஏரி நிலவரத்தைப் பொறுத்து விதி மாறக்கூடியது. வனவிலங்குத் துறையின் இந்த ஆண்டுப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிவிட்டுக் கிளம்புங்கள். 16 வயதோ அதற்கு மேலோ என்றால் உரிமம் கட்டாயம்.

தங்கூசி இரண்டு அடிக்குள் இருந்தால், இழுப்பு மெதுவாக இருந்தால், தவறாக மாட்டுவது நன்றாகவே குறையும். சிலர் நான்கு அடி, ஐந்து அடி விடுகிறார்கள். அது மீன்பிடிப்பு என்று என் மனம் ஒப்பவில்லை.

வடக்குக்காற்று (ரொறன்ரோ)

வாசிக்க நல்லா இருக்கு, ஆனால் எனக்கு ஒரு கேள்வி. சினையோடு ஏறுற மீனை அந்த நேரத்தில் பிடிக்கலாமா? ஒன்ராறியோவில் எங்களுக்கு இது நினைச்சும் பார்க்கேலாது. குயின்டி குடாவில் மார்ச் தொடக்கத்திலிருந்து மே முதல் சனிக்கிழமை வரைக்கும் பிக்கரல் (வால்ஐயை நாங்கள் அப்படித்தான் சொல்லுவம்) மூடல். கவார்த்தா ஏரிகள் பக்கம் மே இரண்டாம் சனிக்கிழமைதான் திறக்கும். ஏப்ரலில் ட்ரென்ட் ஆற்றில பாலத்தில நின்று பார்த்தால் கீழே மீன் நிற்கிறது தெரியும். பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவம். அதில் ஒரு நியாயம் இருக்குத்தானே? உங்கட பக்கத்தில மட்டும் ஏன் திறந்துவிட்டிருக்கினம்?

ஈரிக்கரை

நியாயமான கேள்வி. முதன்முதலில் இந்த ஊருக்கு வந்தபோது நானும் இதையே கேட்டேன்.

நீரோட்டம்

வடக்குக்காற்று அண்ணா, உங்கள் ஊர் விதி உங்கள் நீர்நிலைக்குச் சரி. சின்ன ஏரி, குறுகிய ஆறு, சேர்கிற மீன் கொஞ்சம். அங்கே ஒரு வாரம் ஆட்கள் இறங்கினால் ஒரு தலைமுறையே போய்விடும். ஈரி ஏரியின் மேற்குப் பகுதி வேறு கணக்கு. இங்கே ஆற்றில் ஏறுவது மொத்த மீனில் ஒரு பகுதிதான். ஏரிக்குள்ளேயே இருக்கும் பாறைத் திட்டுகளிலும் பெருங்கூட்டம் முட்டையிடுகிறது. சாண்டஸ்கி ஆற்றிலும் ஏறுகிறது. அங்கே பால்வில் அணையை 2018இல் எடுத்த பிறகு மேலே இன்னும் பல மைல் திறந்திருக்கிறது.

ஒரு பெண் மீன் உடல் எடையில் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 25,000 முட்டை வீதம் இடும். கூடு கட்டுவதில்லை, காவல் இருப்பதில்லை. கல்லிடுக்கில் விழுந்தது பிழைக்கும். தண்ணீரின் சூட்டைப் பொறுத்து இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கும். பொரித்த குஞ்சு நீந்தக்கூடத் தெரியாமல் ஆற்றோடு ஏரிக்கு மிதந்து போகும். கையில் இருக்கும் மஞ்சள் கரு தீர்வதற்குள் ஏரியில் நுண்ணுயிர் இரை கிடைக்க வேண்டும். இதில் ஒரு கட்டம் தவறினாலும் அந்த ஆண்டு காலி. அதனால் இந்த ஏரியில் எத்தனை தாய் மீன் இருந்தது என்பதைவிட அந்த வசந்தம் எப்படி இருந்தது என்பதுதான் குஞ்சுகளின் எண்ணிக்கையை அதிகம் தீர்மானிக்கிறது. 2003இல் பிறந்த கூட்டம் பல ஆண்டுக்கு ஏரியைத் தாங்கியது. பிறகு நீண்ட காலம் குஞ்சு சரியாகத் தேறவில்லை. 2015, 2018, 2019, 2021 எல்லாம் நல்ல ஆண்டுகள். இப்போது நாம் பிடிப்பதில் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள்தான்.

மொத்தம் எவ்வளவு பிடிக்கலாம் என்பதை ஒவ்வோர் ஆண்டும் ஈரி ஏரிக் குழு முடிவு செய்கிறது. மிச்சிகன், ஓஹாயோ, பென்சில்வேனியா, நியூயார்க், உங்கள் ஒன்ராறியோ, ஐந்தும் அதில் இருக்கின்றன. ஆக, மார்ச்சில் பிடித்தாலும் ஜூலையில் பிடித்தாலும் அதே கணக்கிலிருந்துதான் கழிகிறது.

வடக்குக்காற்று

விளக்கத்துக்கு நன்றி. கணக்கு விளங்குது. ஆனாலும் 28 அங்குலச் சினைமீனை ஆற்றிலேயே அடிச்சுக் கொண்டுபோறதை என்னால ஏற்க முடியேல்லை. சட்டம் விட்டாலும் மனசு விடவேணுமே. இந்த ஏரிக்கு 1970இல என்ன நடந்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்கோ. மீனில பாதரசம் கண்டுபிடிச்சு வியாபாரத்துக்கு வால்ஐ பிடிக்கிறதையே நிறுத்தினவை. அதுக்கு முதலும் அளவுக்கு மிஞ்சிப் பிடிச்சு மீன் குறைஞ்சுதான் இருந்தது. ஏரி பெரிசு, ஒன்றும் ஆகாது என்று அப்பவும் நினைச்சிருப்பினம்.

நீரோட்டம்

இதில் உங்களோடு நான் முழுக்க உடன்படுகிறேன். கணக்குப் பிழையில்லை என்பது ஒன்று, பெரிய தாயை விட்டுவிடுவது இன்னொன்று. என் பையில் போவது 16 முதல் 20 அங்குல ஆண் மீன்கள் மட்டும். ஆற்றில் பெரும்பாலும் கிடைப்பதும் அவைதான். ஆண்கள் வாரக்கணக்கில் ஓடையிலேயே நிற்கும், பெண்கள் வந்து முட்டையிட்டுவிட்டு ஏரிக்குத் திரும்பிவிடும். இலேசாக அழுத்தினாலே பால் போல விந்து வடியும் மீன் ஆண். வயிறு உருண்டு கனமாக இருந்தால் தாய். அதை அழுத்திப் பார்க்காதீர்கள். தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி, தலை ஓட்டத்துக்கு எதிராக இருக்கும்படி பிடித்து, தானாகப் போகும்வரை நில்லுங்கள்.

உணவு என்று பார்த்தாலும் ஆண் மீன்தான் நல்லது. பாதரசம் வயதோடு சேருவது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பெரிய மீனைவிட மூன்று நான்கு வயது மீன் வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்லது.

ஈரிக்கரை

நான் ஒரே ஒரு தாய் மீனை எப்போதாவது வைத்துக்கொள்வதைக் குறை சொல்ல மாட்டேன். முள் செவுளில் மாட்டி இரத்தம் கொட்டுகிற மீனை விட்டாலும் பிழைக்காது. வாய்க்குள் மாட்டியிருந்தால், கணக்குக்குள் இருந்தால், அதை எடுத்துச் சமைப்பதுதான் மரியாதை. ஆனால் பெரிய மீனோடு படம் எடுப்பதற்காக ஐந்து நிமிடம் கரையில் போட்டு உருட்டுவதை எங்கே பார்த்தாலும் நான் போய்ப் பேசிவிடுவேன்.

இனி அந்தப் புளூகிராஸ் தீவு. இது விளையாட்டு இல்லை, தம்பி. காலையில் முழங்கால் அளவு தண்ணீரில் கடந்து போவீர்கள். மேலே பெய்த மழை மதியம் வந்து சேர்ந்தால் திரும்பும்போது அதே இடம் இடுப்பைத் தாண்டும். தண்ணீர் 42 டிகிரி. விழுந்த முதல் நிமிடத்திலேயே மூச்சு வாங்கும், கை விறைக்கும். மார்பளவு வேடர்ஸ் (தண்ணீர் புகாத கால்சட்டை) போட்டால் மேலே பெல்ட்டை இறுக்கிக் கட்டாமல் இறங்கவே கூடாது. விழுந்தால் பெல்ட்தான் தண்ணீர் உள்ளே கொட்டாமல் தடுக்கும். ஊதி விரியும் உயிர்காப்பு உடை ஒன்று வாங்கிப் போடுங்கள். கையில் ஓர் ஊன்றுகோல். நிற்கிற இடத்தில் கரையோரக் கல் ஒன்றை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அது நனையத் தொடங்கினால் தூண்டிலைச் சுருட்டிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும்.

டெட்ராய்ட்வாசி (டியர்போர்ன்)

ஆற்றில் இறங்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்காக எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன். நானும் என் கணவரும் டெட்ராய்ட் ஆற்றில் படகில் போவோம். ட்ரென்டன் கால்வாய், வையண்டாட் பக்கம், பெல் தீவு. ஏப்ரல்தான் உச்சம். இங்கே வீசுவது இல்லை. அரை அவுன்ஸ் முதல் ஒரு அவுன்ஸ் வரை உள்ள ஜிக்கை நேர் கீழே இறக்கி, தரையைத் தொட்டதும் ஒரு சாண் தூக்கி, மறுபடி தொடவிட்டு, தூக்கி, அவ்வளவுதான். மின் மோட்டாரால் படகை ஓட்டத்தின் வேகத்திலேயே போக வைப்பதில்தான் திறமை இருக்கிறது. நரம்பு சாய்ந்தால் தரை தெரியாது, தரை தெரியாவிட்டால் மீன் இல்லை.

மேலே செயின்ட் கிளேர் ஏரியில் காற்று பலமாக அடித்தால் மறுநாள் ஆறு முழுக்கச் சேறு இறங்கும். அன்றைக்குப் படகை எடுக்க மாட்டோம். தெளிவுக்கும் கலங்கலுக்கும் நடுவே கோடு போட்டது போல ஓர் எல்லை தெரியும் நாட்களும் உண்டு. அந்தக் கோட்டை ஒட்டிப் போனால் நல்ல பலன்.

தூண்டில்காரன்

அக்கா, மீனை எப்படிச் சமைக்கிறீர்கள்? கோடையில் பிடித்ததைக் குழம்பு வைத்தேன், கரைந்துவிட்டது.

டெட்ராய்ட்வாசி

துண்டைக் கடைசியில் போடுங்கள். புளிக் குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் மேலே பிரிந்த பிறகு, அடுப்பைக் குறைத்து, பெரிய துண்டாகப் போட்டு ஐந்தாறு நிமிடம். கரண்டி போடாமல் சட்டியைச் சுழற்றுங்கள். ஆனால் உண்மையில் இது வறுவலுக்கு ஏற்ற மீன். வெள்ளைச் சதை, கவிச்சி இல்லை, பக்க முள்ளை ஒரு வரியாக எடுத்துவிட்டால் குழந்தைகளுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு, எலுமிச்சை, மேலே கொஞ்சம் அரிசி மாவு. தோல் பக்கத்துச் சிவப்புச் சதையைச் சீவி எடுத்துவிடுங்கள். கன்னச் சதையைத் தலையோடு எறிந்துவிடாதீர்கள், மீனிலேயே ருசியான இடம் அது.

சுத்தம் செய்யும்போது கையைப் பாருங்கள். முதுகு முள்ளும் செவுள் மூடியின் ஓரமும் கத்தி போலக் கிழிக்கும். பல்லும் உண்டு.

வடக்குக்காற்று

நாங்கள் மே வரைக்கும் காத்திருந்து இதே வறுவலைச் செய்வம், அக்கா. அரிசி மாவுக்குப் பதில் கொஞ்சம் ரவை போட்டுப் பாருங்கோ.

தூண்டில்காரன்

இந்தச் சனிக்கிழமை வரலாம் என்று இருந்தேன். வாட்டர்வில் அளவுமானி நேற்றிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது. ஃபோர்ட் வெய்னில் நாளையும் மழை என்கிறது. தண்ணீர் 44 டிகிரி. என்ன செய்யலாம்?

ஈரிக்கரை

சூடு சரியாக இருக்கிறது, மீன் உள்ளேதான் நிற்கிறது. மட்டமும் கலங்கலும்தான் சரியில்லை. சனிக்கிழமை வேண்டாம். இனி மழை இல்லையென்றால் செவ்வாய், புதனில் மட்டம் இறங்கத் தொடங்கும். ஏறுகிற தண்ணீரைவிட இறங்குகிற தண்ணீர்தான் நமக்கு நல்லது. விடுப்பு கிடைத்தால் புதன்கிழமை வாருங்கள். வார நாள் என்றால் கூட்டமும் பாதிதான் இருக்கும், தோளோடு தோள் இடித்து வீச வேண்டாம். வனவிலங்குத் துறை இந்தப் பருவத்தில் மௌமீ, சாண்டஸ்கி இரண்டுக்கும் நிலவர அறிக்கை போடும், செவ்வாய் இரவு அதையும் பாருங்கள்.

அப்படியும் தள்ளிப்போனால் கவலைப்படாதீர்கள். ஏப்ரல் கடைசியில் வெள்ளை பாஸ் என்ற மீன் ஏறத் தொடங்கும், மே முழுக்க இருக்கும். அதே இடம், அதே தூண்டில், ஈயம் மட்டும் கொஞ்சம் குறைவாக.

தூண்டில்காரன்

புதன்கிழமைக்கு விடுப்புப் போட்டுவிட்டேன். ஓர்லீன்ஸ் பூங்காதான். தங்கூசி இரண்டு அடிக்கு மேல் போகாது, பெல்ட்டும் வாங்கியாயிற்று.

ஈரிக்கரை

நல்லது. சூரியன் உதிப்பதற்கு முன்னாலேயே வண்டி நிறுத்த இடம் பிடித்துவிடுங்கள். உதித்த பிறகுதான் முதல் வீச்சு. அரை அவுன்ஸில் தொடங்குங்கள். நான் ஏழரைக்கு அங்கே இருப்பேன்.